காணாமல் போன பூட்டுப் பட்டியல்

ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. மாவட்ட மருத்துவமனையின் ரத்த வங்கிக் கணினி, காலாவதியாகி இரண்டு நாளான ஒரு ரத்தப் பையை நல்ல பை என்று காட்டியது. செவிலியர் ஒருவர் பையின் மேலிருந்த தேதியைக் கண்ணால் படித்ததால் அது யாருக்கும் ஏற்றப்படவில்லை.

மறுநாள் காலை, அந்த மென்பொருளை எழுதிய பெண் விசாரணைக்காரரின் முன் உட்கார்ந்திருந்தாள். மேசையில் அவளுடைய இடைநீக்க உத்தரவு. 'பூட்டுப் பட்டியல் உருவாக்காத அலட்சியம்' என்றிருந்தது. செவ்வாய், பகல் 11 மணி என்று போட்டுக் கணினித் துறைத் தலைவர் கையெழுத்திட்டிருந்தார்.

"நாளைக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுது சார். வேலையை விட்டே தூக்கிடுவாங்க. இப்படி ஒரு காகிதம் கையில இருந்தா எந்த ஆஸ்பத்திரியும் என்னைச் சேர்த்துக்காது."

"பூட்டுப் பட்டியல்னா என்னம்மா?" என்று கேட்டாள் விசாரணைக்காரரின் மைத்துனி. பத்திரிகை வேலையை உதறிவிட்டு அத்தானுக்குக் குறிப்பெடுக்க வந்தவள். கேள்வி கேட்காமல் அவளால் அரை நிமிடம் இருக்க முடியாது.

"எல்லாத்தையும் நாமளே எழுத மாட்டோம்க்கா. தேதி படிக்க ஒண்ணு, லேபிள் அடிக்க ஒண்ணுன்னு அடுத்தவங்க எழுதி வச்ச பேக்கேஜை இறக்கிக்குவோம். எது எந்தப் பதிப்புன்னு கம்ப்யூட்டரே ஒரு பட்டியல் எழுதி வைக்கும். அது இருந்தா எங்க போட்டாலும் அதே பதிப்புதான் வரும். இல்லேன்னா அன்னைக்கு எது புதுசோ அது வந்து உக்காந்துக்கும்."

"வந்து உக்காந்துச்சா?"

"தேதி பேக்கேஜோட புதுப் பதிப்பு மாசத்தை முதல்ல படிக்குது. 9/4ன்னா ஏப்ரல் ஒன்பது இல்ல, செப்டம்பர் நாலு."

பன்னிரண்டைத் தாண்டிய தேதிகளை அப்படித் திருப்பிப் படிக்க வழியில்லை. இருப்பிலிருந்த மற்ற பைகளின் தேதிகள் அப்படிப்பட்டவை என்பதால் அவை தப்பின.

"பட்டியல் போட்டிருந்தீங்களா?" என்றார் விசாரணைக்காரர்.

"சத்தியமா போட்டிருந்தேன். மார்ச்ல அம்மாவுக்கு ஆபரேஷன், லீவுல இருந்தேன். அப்ப புரோகிராமை எல்லாம், யார் எப்ப எதை மாத்தினாங்கங்கற பழைய வரலாறு இல்லாம, புது இடத்துக்கு மாத்திட்டாங்க. இப்ப பட்டியலைக் காணோம். இந்த மாசம் மூணாம் தேதி நான் திரையில ஒரு தலைப்போட எழுத்தைப் பெருசாக்கினேன். கடைசியா தொட்டது நான்தானாம்."

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சு. காக்காவைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க" என்றாள் மைத்துனி.

மருத்துவமனையின் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரர் எரிச்சலோடுதான் பேசினார். "மூணாம் தேதி புது சர்வர் வச்சேன். இருந்ததை இறக்கினேன். தப்பு எங்கேன்னு தேடித் தேடி, தேதி பேக்கேஜ்தான்னு புடிபட நேத்து சாயங்காலம் ஆறு மணியாச்சு. எனக்கு முன்னாடி ஒருத்தருக்கும் தெரியாது."

துறைத் தலைவரின் மேசையில் ஒரு பேனாகூட இல்லை. எதையும் மிச்சம் வைக்காமல் துப்புரவாக்குகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குத் துடைப்பம் என்று பெயர்.

"அவ பட்டியலே போட்டதில்லைங்க. அப்படி ஒண்ணை நான் கண்ணாலகூடப் பார்த்ததில்ல. நாலாயிரத்து இருநூறு வரிக் குப்பை, இருந்திருந்தா கண்ணுல படாமலா போகும்?"

மைத்துனி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். விசாரணைக்காரர் நன்றி சொல்லிவிட்டு, ரத்த வங்கியின் சாமான் அறையைத் திறக்கச் சொன்னார். திரை உடைந்ததால், மார்ச் மாற்றத்துக்கு முன்பே, ஜனவரியில் ஓரங்கட்டப்பட்ட கணினி ஒன்று அங்கே துணி போர்த்திக் கிடந்தது. சர்வர்காரர் அதற்கு வேறு திரை மாட்டி உயிர்கொடுத்தார். 9/4 என்று தட்டினார். ஏப்ரல் ஒன்பது என்றது அது.

வியாழக்கிழமை காலை குழுவின் முன் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"சாமான் அறைக் கம்ப்யூட்டர்ல பட்டியல் இருக்கு" என்று தொடங்கினார் விசாரணைக்காரர். "ஜனவரி தேதி, இவங்க பேர்ல. மொத்தம் நாலாயிரத்து இருநூத்துப் பன்னிரண்டு வரி. ஐயா, நீங்க பார்க்காத பட்டியலோட நீளம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

துறைத் தலைவர் சொன்னார்: "மனுஷன் எழுதாத எதையும் புரோகிராமோட வைக்கக் கூடாதுங்கறது என் விதி. இடம் மாத்தும்போது மிஷின் எழுதின குப்பையை எடுத்தேன். அது ஒரு குத்தமா?"

"இல்லை. பிசகு. யாருக்கும் வரும்." விசாரணைக்காரர் இடைநீக்க உத்தரவை எடுத்து வைத்தார். "ஆனா தேதி பேக்கேஜ்தான் காரணம்னு சர்வர்காரருக்கே ஆறு மணிக்குத்தான் புடிபட்டுச்சு. பூட்டுப் பட்டியல் இல்லாததுதான் குத்தம்னு நீங்க பதினோரு மணிக்கே எழுதிட்டீங்க. பட்டியலைத் தூக்கினவருக்கு மட்டும்தான் அது அப்ப தெரியும்."

"அவசரத்துல..."

"அவசரமா?" மைத்துனியால் பொறுக்க முடியவில்லை. "ஒன்பது நாப்பதுக்குக் கோளாறு. பதினோரு மணிக்குள்ள யார் தலையில கட்டலாம்னு யோசிச்சு, டைப் அடிச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. அவங்க அம்மா ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தப்ப நீங்க தூக்கிப் போட்டதை, அவங்க போடவே இல்லைன்னு எழுத உங்களுக்குக் கை கூசலையா? ஒரு உயிர் போயிருந்தா அதையும் இவங்க பேர்லதான் எழுதியிருப்பீங்க."

"உக்காரு" என்றார் விசாரணைக்காரர். அவள் உட்காரவில்லை. குழுவில் யாரும் அவளை மறுபடி உட்காரச் சொல்லவுமில்லை.

அன்று பிற்பகல் இடைநீக்கம் ரத்தானது. பட்டியல் மறுபடி சேர்க்கப்பட்டு, சர்வரில் பழைய பதிப்பு ஏறியது. துறைத் தலைவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அவர் பதினைந்து நாள் அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள்.