பஞ்சு சுற்றிய கம்பி

நேற்று துடைத்து வைத்த சுங்கான் இன்றும் அழுக்காக இருந்தது. அதில் புகையிலை அடைத்துப் புகைக்க வீட்டில் ஆள் இல்லை. கணவர் இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஆனாலும் மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் அவள் கை தானாக அலமாரிக்குப் போய், அவருடைய மரச் சுங்கானை எடுத்து, தண்டைத் திருகிக் கழற்றி, பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தது. ஈரமான கறுப்புப் பசை வந்தது. கூடவே அவர் சட்டையில் அடிக்கும் அதே புளித்த நெடி. பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை, அவர் போன அன்றைக்கு அழுகை வராதது போலவே.

"அவரே போயிட்டாரு, இன்னும் எதுக்குடி இதைக் கட்டிக்கிட்டு அழற?" என்றாள், பார்க்க வந்திருந்த அக்கா. "தூக்கிக் குப்பையில போடு. பாப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு வந்ததே இந்தச் சனியனாலதான்."

"இருக்கட்டும்க்கா. கைக்கு ஒரு வேலை."

உண்மையான காரணத்தைச் சொன்னால் இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவிடுவாள். சுங்கானைத் துடைத்த நாட்களில் மகள் நன்றாகத் தூங்கினாள். துடைக்காமல் விட்ட ஒரே நாளில் உதடு நீலம் பாரித்து மூச்சுக்குத் தவித்தாள். டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல இன்னும் யாரு புகை பிடிக்கிறாங்க?" என்றார். யாருமில்லை என்றாள். அவர் நம்பவில்லை. மகளின் மூச்சு ஒன்றுதான் இப்போது அவளுக்கு மிச்சம். அதற்காக எதைத் துடைக்க வேண்டுமென்றாலும் துடைப்பாள்.

அக்கா கிளம்பிப் போனாள். உள்ளறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறியின் கிறீச்சொலிக்கு நடுவே அவள் மூச்சில் இன்று மெல்லிய விசில் ஒன்று கலந்து, ஹாலில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தவளின் காது வரை வந்தது. இன்றைக்கு ஒட்டுமொத்தமாகச் சுத்தம் செய்துவிடுவது என்று முடிவு செய்தாள். சுங்கானில் புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் உட்புறக் கரியைச் சுரண்டிக் கொட்டினாள். தண்டை மறுபடி பொருத்தினாள். புதுக் கம்பி ஒன்றை எடுத்து, வாய் வைக்கும் பக்கமாக உள்ளே விட்டாள்.

நுனி கிண்ணத்தின் அடியில் எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

இன்னும் தள்ளினாள். போனது. தடையே இல்லை. சுங்கான் ஒரு சாண்கூட இருக்காது. கம்பி ஒன்றரைச் சாண். முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. கிண்ணம் காலி.

விசில் நின்றது.

மகள் இருமினாள். ஒரே ஒரு தடவை.

கம்பியின் வால் மட்டும் விரலிடுக்கில் இருந்தது. விட்டுவிட்டு ஓடினாள்.

மகளின் கண்கள் திறந்திருந்தன. வாயும். நாக்கின் மேல், தொண்டைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு, கறுத்த பஞ்சு நுனி.

அப்போதுதான் பயம் வந்தது. இத்தனை நாள் வராததெல்லாம் சேர்ந்து வந்தது. நுனியைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

ஆளில்லாத ஹாலில் நாற்காலி நகர்ந்தது. கூடவே அவர் சட்டையின் புளித்த நெடி.

நுனி உள்ளே போனது. வெளியே வந்தது. ஒரு திருகல். மறுபடி உள்ளே. நிதானமாக. பழகிய கை. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் மகளின் தலை தலையணையிலிருந்து கொஞ்சம் எழுந்து, விழுந்தது.