ஒன்பதாம் எண் தாள்

மதியம் 1.40. குரங்கணி சமுதாயக்கூடத்தில் நர்ஸ் சந்திரவல்லி தாள்களை மூன்றாம் தடவை எண்ணிப் பார்த்தாள். எட்டுதான் இருந்தன. ஒன்பதாம் எண் தாளைக் காணோம்.

வெளியே மலை அரைத் தூக்கத்தில் கிடந்தது. மேகம் இறங்கி ஜீப்பை மூடி, காப்பிச் செடிகளை மூடி, சாப்பிட்டுச் சாய்ந்திருந்த பெண்களின் கால்மாட்டில் வந்து நின்றது. எங்கிருந்தோ ஏலக்காய் வாசம். இந்த இடத்தில் போய்த் திருட்டு என்றால், கனவு கண்டாயா என்றுதான் கேட்பார்கள். சந்திரவல்லியோ மேசைக்கு அடியிலும் தேடிவிட்டாள்.

சிறுவயதில் பெருந்துன்பம் பட்டவர்களின் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கும் முகாம் அது. நாடி, ரத்த அழுத்தம், தூக்கம், கடைசியில் அந்தப் பழைய கதை. சிலமலையிலிருந்து ஜீப்பில் வந்த ஒன்பது பெண்களும் ஏலத்தோட்டத்து வேலைக்காரர்கள். அங்கே ஜீப்பிலிருந்து இறங்குகிற வரிசைப்படிதான் காய் எடுக்கும் பைக்கு எண். சண்டை வராத வழக்கம் என்று சந்திரவல்லியும் அதே வரிசையில் டோக்கன் கொடுத்தாள். தாளில் எண் மட்டும்தான். பெயர் எழுதிய நோட்டு அவள் தோள்பையில். அந்தத் தைரியத்தில்தான் பெண்கள் வாயைத் திறந்தார்கள்.

அதிலும் பவித்ரா. கதவைச் சாத்தியதும் அவள் நாடி நூற்றுப் பதினெட்டு. திறந்து வைத்ததும் எண்பத்து நாலு. அப்புறம்தான் பேச்சு வந்தது.

"சின்னதுல என்னைய ரூம்ல போட்டுப் பூட்டுவாக சிஸ்டர். யாருன்னு சாயங்காலம் வர்ற டாக்டர்கிட்டதான் சொல்லுவேன். எம் மகளையும் அங்கதான் விட்டுட்டு வேலைக்குப் போறேன். முன்னாடியே தெரிஞ்சா பிள்ளைய எங்கிட்டாச்சும் அனுப்பிருவாக."

நல்லவேளை, அவள் தாள் பத்திரமாக இருந்தது. காணாமல் போனது பாண்டியம்மாளுடையது. அந்த அம்மாளோ கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"நான் கெணத்துல விழுந்த கதைய ஊருக்கே சொல்லியிருக்கேன். அதைப் போயி எவன் களவாங்குவான்?"

சந்திரவல்லி வராந்தாவில் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உள்ளே போனவர்கள் மூன்றே பேர். வெற்றிலைப் பையை எடுக்கப் பாண்டியம்மாள். இன்னும் இருவர்.

1.50. ஜீப் டிரைவர் தங்கபாண்டி.

"எதுக்கு உள்ள போனே?"

"டீ கேனை வைக்க."

"காலையில ஏன் லேட்டு?"

"முந்தல் தாண்டி மலை ஏறவும் பவித்ராவுக்குக் கொமட்டிருச்சு. நிறுத்துனேன். பாண்டியம்மா ஜீப்பு வாசப்பக்கத்து எடத்த அவளுக்குக் குடுத்துட்டு உள்ளுக்க போயிருச்சு."

2.00. கங்காணி மொக்கையன். தினமும் பெண்களைத் தோட்டத்துக்கு ஏற்றி அனுப்புகிறவர். தாய் தகப்பன் இல்லாத பவித்ராவை வளர்த்த தாய்மாமன். இன்றைக்கும் சிலமலையில் எல்லோரையும் ஏற்றிவிட்டு, டோக்கன் கொடுத்து முடிந்தபின் பதினோரு மணிக்குத் தனியே பைக்கில் வந்து சேர்ந்தார்.

"சாப்பாட்டுப் பொட்டலத்த வச்சேன், வந்துட்டேன். நம்பரத் தாண்டி ஒரு எழுத்து தெரியாது எனக்கு. தாளை வச்சு என்னம்மா செய்யப் போறேன்?"

"காலையில மொதல்ல யாரை ஏத்துனீங்கண்ணே?"

"என்னைக்கும் போலத்தான். பவித்ராவ உள்ளுக்க தள்ளி, மத்தவுக அடுத்தடுத்து."

சந்திரவல்லி தோள்பையிலிருந்த நோட்டைத் திறந்து டோக்கன் வரிசையைப் பார்த்தாள். பிறகு போய்ப் பாண்டியம்மாளின் காதில் ஏதோ கேட்டாள். அந்த அம்மாள் தாராளமாகத் தலையாட்டினாள்.

2.20. எல்லோரையும் உட்கார வைத்தாள். "ஒன்பதாம் நம்பர் தாள் காணாமப் போச்சு. மறுபடியும் எழுதணும். ஒன்பதாம் நம்பர் எந்திரிங்க."

மொக்கையனின் கண் பவித்ரா பக்கம் போனது. எழுந்ததோ பாண்டியம்மாள்.

"நீ ஏன் எந்திரிக்கிற? ஒம்போது..." மொக்கையன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணே. ஒம்போது யாருன்னு நெனச்சீங்க?"

சந்திரவல்லி நிதானமாகச் சொன்னாள்: "தாளுல பேரு கெடையாது. எடுத்தவருக்கு வரிசை மட்டும் தெரியும். மொதல்ல ஏறுனவ கடைசியா எறங்குவா, அவதான் ஒம்போதுன்னு கணக்குப் போட்டாரு. நடுவழியில எடம் மாறினது அவருக்குத் தெரியாது. மாத்திக்கிட்டதே பாண்டியம்மாதான். தங்கபாண்டி கண்ணால பாத்தாரு. உள்ள போன மூணு பேருல சிலமலையோட நின்னுட்டது நீங்க ஒருத்தர்தான். எடுத்தும் உங்களால படிக்க முடியல, அதான் தாள் மாறினதும் தெரியல. உங்களுக்கு வேண்டிய ஒன்னாம் நம்பர் தாளு என் பையில இருக்கு."

"பெத்த பிள்ளையாட்டம் வளத்தேன் அவளை."

"வளத்ததப் பத்தி நான் ஒன்னும் கேக்கலையே அண்ணே. தாளைக் குடுங்க."

மொக்கையன் சட்டைக்குள்ளிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். பவித்ராவின் தாளில் என்ன இருக்கிறது என்று சந்திரவல்லி வாய் திறக்கவில்லை. அது அவள் சொல்ல வேண்டியதில்லை. பவித்ராவே எழுந்தாள்.

"ஏலக்கா காயப்போடுற சூட்டு ரூம்ல பூட்டுவீக மாமா. அழுதா இன்னொரு மணி நேரம்." குரல் தூக்கத்தில் பேசுவதுபோல் மெதுவாக வந்தது. "நேத்து எம் மக பாயாசத்தத் தள்ளி விட்டுட்டா. ஏலக்கா வாசம் பயமா இருக்காம். அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு."

பாண்டியம்மாள் பவித்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சந்திரவல்லிக்கு அழுகை வந்தது. ஆனாலும் டாக்டருக்கும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் போன் போட்டுவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தாள். அவர் முந்திப் போய்விடாமல் இருக்க, தங்கபாண்டி மொக்கையனின் பைக் சாவியை வாங்கிப் பாண்டியம்மாளிடம் கொடுத்தான்.

3.05. பிள்ளையைக் கூட்டிவரச் சிலமலைக்கு ஜீப் கிளம்பியது. பவித்ரா முன்சீட்டில் ஏறினாள், பக்கத்தில் சந்திரவல்லி. பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தக் கை நீட்டிய தங்கபாண்டி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"இருக்கட்டும்ணே," என்று எட்டிப் பவித்ராவே கதவைச் சாத்தினாள்.

சந்திரவல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நூற்றுப் பத்து.

"வெரசாப் போங்கண்ணே," என்றாள் பவித்ரா.