முகவாயின் கனம்

கதவைத் திறந்ததும் நனைந்த நாயின் வாடை அடித்தது. அவர்கள் வீட்டில் நாய் கிடையாது. அந்த மாடியில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது. அவள் குடையை மடக்கிக்கொண்டே தன் முழங்கையை மோந்து பார்த்தாள், சோப்பு வாசனைதான். மருந்து ஆய்வுக்கூடத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், வேலை முடிந்ததும் அங்கேயே தலைக்குக் குளித்து, போட்டிருந்த உடுப்பையும் பூட்ஸையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த வாடையை அவள் தெருமுனை வரைக்கும்கூடக் கொண்டுவந்ததில்லை. மழை நாள், ஏதாவது தெரு நாய் மாடிப்படியில் ஒதுங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.

அவள் வரும்வரை மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"சிட்டு சாப்பிட்டாச்சு. மாத்திரை மட்டும் நீ குடுத்துரு, நேரம் தாண்டிருச்சு. மத்தியானத்துலேர்ந்து கட்டிலுக்கு அடியிலயே குனிஞ்சு குனிஞ்சு பாக்குறா. என்னடின்னு கேட்டா சிரிக்கிறா."

"உடம்பு ஏதாவது..."

"அட, கல்லுக்குண்டாட்டம் இருக்கா. போன வருஷம் இந்தப் புள்ள எழுந்து உக்காரும்னு யாராவது சொன்னா நம்பியிருப்பமா? போ, போய்ப் பாரு."

நம்பியிருக்க மாட்டார்கள்தான். சிட்டுவுக்கு வலிப்பு. பிள்ளை நின்ற இடத்தில் மரம் மாதிரி விறைத்து விழும். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கையை விரித்த பிறகுதான் இந்தப் புது மாத்திரை வந்தது. வேளை தப்பாமல் கொடுத்தால் வலிப்பு கிட்டவே வராது. ஒரு வேளை தப்பினாலும் பழையபடி ஆரம்பித்துவிடும். மாத்திரை ஆவதற்கு முன்பே அந்த மருந்தை அவளுக்குத் தெரியும். அப்போது அது ஊசி மருந்து. அவள் பார்த்துக்கொண்ட நாய்களின் முன்னங்காலில்தான் அதை முதலில் ஏற்றிப் பார்த்தார்கள்.

தொங்கு காது நாய்கள். அங்கே வருவதற்கு முன்பே, சத்தம் தொந்தரவு என்று, அவற்றின் குரலை வெட்டி எடுத்திருந்தார்கள். குரைத்தால் காற்று மட்டும் வரும். ஹக், ஹக். கூண்டுகள் நிறைந்த அந்த நீளமான அறையில் எல்லாம் சேர்ந்து குரைத்தால்கூட யாரோ தரையைத் துடைப்பத்தால் பெருக்குவது மாதிரிதான் கேட்கும். மற்றவர்கள் இரண்டு பேராக அமுக்கிப் பிடித்து ஊசி போட வைப்பார்கள். அவளுக்கு அது தேவைப்படவில்லை. கூண்டுக்கு முன்னால் மண்டியிட்டு உள்ளங்கையை நீட்டுவாள். நாய் தானாக வந்து முகவாயை அதில் வைக்கும், தலையின் முழுக் கனத்தோடு. பிறகு முன்னங்காலையும் தானே நீட்டும். ஊசி இறங்கியதும் காதருகில் சொல்வாள்: "ஆச்சுடா ராஜா, அவ்வளவுதான்." அதைக் கேட்டதும் அது சாய்ந்து படுத்து வாலை ஆட்டும். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குத் தாலாட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சோதனை முடிந்தால் கடைசி ஊசி போட்டு உயிரை அடக்கிவிட்டு, உடம்பைத் திறந்து ஈரலையும் மூளையையும் பார்க்க வேண்டும். அதற்கும் ஆய்வுக்கூடத்து டாக்டர் அவளைத்தான் கூப்பிட்டார். "நீங்க இருந்தா அதுங்க பயப்படாதும்மா." போனாள். ஒவ்வொன்றும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் கையில் முகவாயை வைத்தது. ஒவ்வொன்றிடமும் அதையேதான் சொன்னாள். கடைசி நாய் அடங்கியதும் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இதுங்க இல்லேன்னா அந்த மருந்து இல்ல."

அது உண்மை. நாளைக்கே மறுபடி கூப்பிட்டாலும் சிட்டுவுக்காகப் போய் நிற்பாள். அதுதான் அவளை உள்ளே அரித்தது. அன்றிலிருந்து அந்த வார்த்தைகளை அவள் வீட்டில் சொன்னதில்லை. சிட்டுவுக்கு முள் எடுத்தாலும், நகம் வெட்டினாலும், வாயை இறுக மூடிக்கொள்வாள்.

அறையில் சிட்டு கட்டிலில் கவிழ்ந்து படுத்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டிருந்தாள். வாடை இங்கே கனமாக இருந்தது. ஈர ரோமம், பினாயில், இரும்புக் கம்பியில் ஊறிய மூத்திரம், எல்லாம் கலந்து, அவள் கண்ணைக் கட்டிவிட்டாலும் அடையாளம் சொல்லக்கூடிய வாடை.

"அம்மா, இந்த மாத்திரைய மொதல்ல யாரு சாப்ட்டா?"

"பெரியவங்க."

"பொய்யி," என்று சிட்டு சிரித்தாள்.

அட்டையில் ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சம். புது அட்டை காலையில் ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டும். இருந்த மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் எடுத்தபோது கரண்ட் போனது. மழைச் சத்தம் சட்டென்று அருகில் வந்த மாதிரி இருந்தது. ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் சொட்டுவதும், கீழே ஏதோ வண்டி உறுமிக்கொண்டு போவதும், தண்ணீர்க் குழாயின் கொர்கொர்ப்பும் தனித்தனியாகக் கேட்டன. அவற்றுக்கும் அடியில், கட்டிலுக்குக் கீழே, யாரோ தரையைப் பெருக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

ஹக்.

சட்டென்று குனிந்தாள். மாத்திரை விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"அம்மா?"

"இருடா. விழுந்துருச்சு. எடுத்துர்றேன்."

போன் வெளியே கைப்பையில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் பிள்ளையை இந்த அறையில் தனியாக விட்டுப் போக வேண்டும். மாட்டேன் என்றது மனசு. மண்டியிட்டாள். கையைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்தாள். தூசி தட்டுப்பட்டது. சிட்டுவின் ஒற்றைச் செருப்பு. ஒரு பென்சில். இன்னும் உள்ளே துழாவினாள். தரை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ ரொம்ப நேரம் படுத்து எழுந்த இடம் மாதிரி. மாத்திரையைத் தேடி உள்ளங்கையை மேலாகத் திருப்பினாள்.

அதில் ஒரு முகவாய் வந்து அமர்ந்தது.

ஈர மூக்கு. மீசை மயிரின் குத்தல். பிறகு கனம். தலையின் முழுக் கனம்.

அவள் கையை இழுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். அது கடிக்கவில்லை, உறுமவில்லை. கடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. அது பழைய நம்பிக்கையோடு பெருமூச்சு விட்டது. இருட்டில் ஒரு வால் தரையைத் தட்டியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சுவரோரம். கதவருகில். அவள் முதுகுக்குப் பின்னால். அறை முழுக்க.

"மன்னிச்சிரு," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

முகவாய் மெல்ல எழுந்தது. உள்ளங்கையில் ஏதோ மிச்சமிருந்தது. ஈரமாக. சின்னதாக. மாத்திரை.

தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறது.

அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எழுந்தபோது கட்டில் கடகடவென்று ஆடியது. சிட்டு விறைத்துவிட்டாள். பல் நெறிபடும் சத்தம். குதிகால் கட்டைமேல் இடிக்கும் சத்தம். வலிப்பின்போது வாயில் எதையும் போடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். தலையைத் தாங்கினாள். அடங்கட்டும். அடங்கினால் மாத்திரை. கடவுளே, அடங்கட்டும். பிள்ளையின் உதடு கறுத்துக்கொண்டு வருவது அந்த இருட்டிலும் தெரிந்தது. நிற்கவில்லை. நிற்கவேயில்லை. பயத்தில் அவள் வாய் தனக்குப் பழகியதைச் சொல்லிவிட்டது.

"ஆச்சுடா ராஜா, அவ்வளவுதான்."

சிட்டு அடங்கினாள். அந்த நொடியே.

வால்களின் சத்தமும் நின்றது.

பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, தரையில் உடம்புகள் சாயும் சத்தம். மெத்து. மெத்து. கதவு வரைக்கும்.

"இல்ல, இல்ல," என்றாள் அவள். "உனக்குச் சொல்லலடா. உனக்கு இல்ல."

கரண்ட் வந்தது. குழல்விளக்கு துடித்துத் துடித்து எரிந்தது.

அறை நிறையப் படுத்திருந்தன. எல்லாம் ஒருக்களித்து. எல்லாம் ஒரு முன்னங்காலை நீட்டி. எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டு.

சிட்டுவும் அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அம்மா என்றுதான் சொல்ல வந்திருப்பாள். காற்று மட்டும் வந்தது. அவளுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை போலும், லேசாகச் சிரித்தாள். ஒரு கையால் மறு கையின் சட்டையைத் தானே மேலே சுருட்டிவிட்டு, அந்த மெல்லிய கையை நேராக நீட்டினாள். பிறகு நகர்ந்து வந்து தன் முகவாயை அம்மாவின் உள்ளங்கையில், முழுக் கனத்தோடு வைத்துக் காத்திருந்தாள்.