கூட்டுக்குள் செத்த ஏழு கோழிகள்

மீரான் மைதீன் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, தராசைக் கிளையில் மாட்டுவதற்குள் முத்துப்பேச்சி ஓடி வந்துவிட்டாள். அவள் கையில் ஒரு கறுப்புக் கோழி தலைகீழாகத் தொங்கியது. அதன் அலகிலிருந்து கொழகொழவென்று வடிந்த நீர் அவள் சேலையில் கோடு போட்டிருந்தது.

"பாய், ஏழும் போச்சு! விடிஞ்சதும் இரை போட்டுட்டு, வாசத் தெளிச்சு முடிச்சு வந்து பாக்கேன், அம்புட்டும் காலை இழுத்துக்கிட்டுக் கெடக்கு. அந்தச் சோலையம்மா வெஷம் வச்சுட்டா!"

"செத்ததை நான் எடுக்கிறதில்லையே தாயி."

"விக்க வரல பாய். முப்பது வருசமாக் கோழி பாக்குறவுக நீங்க. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற சொர்ணலட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கண்ணைப் பொத்தவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லை.

தாயில்பட்டியின் அந்தத் தெருவில் எந்த வீட்டில் எத்தனை கோழி, எந்த வீட்டில் எத்தனை சண்டை என்பதெல்லாம் சொர்ணலட்சுமிக்கு மனப்பாடம். மீரான் மைதீன் ஞாயிற்றுக்கிழமைதோறும் விருதுநகரிலிருந்து நாட்டுக்கோழி வாங்க வருவார். எந்த வீட்டில் சேவல் தேறியிருக்கிறது என்று அவள்தான் கூடவே நடந்து காட்டுவாள். காசு கேட்க மாட்டாள். நாலு வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பே அவளுக்குப் போதும்.

"நான் அப்பவே சொன்னேன் பாய்," என்று நடந்துகொண்டே அவர் காதில் போட்டாள். "இவ கோழி அவ கீரைப் பாத்தியைக் கிண்டுச்சு. 'இன்னொரு தடவை வந்துச்சுன்னா வெஷம் வச்சுருவேன்'னு அவ தெருவுல நின்னு கத்துனா. அப்புறம்தான் இவ கூடு அடிச்சு அடைச்சுப் போட்டா. போன வாரம் கடையில அவ எலி மருந்து வாங்குனதை நானே என் கண்ணால பாத்தேன். ஏழு மணிக்கே வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன்ல!"

"யாரு வீட்டுக்காரரு?"

"சோலையம்மா குடியிருக்கிற வீடு சீனிச்சாமி அண்ணனோடது. பொழுது சாயுறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு."

"அந்தம்மாவுக்கு யாரு இருக்கா?"

"ஒரு மக, ஓவியா. இன்னும் பத்து நாள்ல பத்தாங்கிளாஸ் பரீட்சை. பாவம்தான்," என்றாள் சொர்ணலட்சுமி, பாவம் என்கிற வேலையையும் கையோடு முடித்துவிடுகிற வேகத்தில்.

முத்துப்பேச்சியின் பின்கட்டுக்குள் நுழைந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. கம்பி வலை அடித்த கூடு. எட்டு நாள் எச்சம் கூழாகிக் கிடந்தது. அதில் ஈ ஆடிய ஆட்டத்தில் தரையே நெளிவதுபோல் இருந்தது. வலைக்கு முட்டுக் கொடுத்த கட்டையில் கோழிச் செள்ளுப்பூச்சி சாரி சாரியாக ஊர்ந்தது. ஒன்று தன் முழங்கையில் ஏறியதைப் பார்த்த சொர்ணலட்சுமி 'ச்சீ' என்று உதறினாள். அப்போதும் ஓர் அடி பின்வாங்கவில்லை. பின்வாங்கினால் பேச்சு காதில் விழாது.

மூலையில் முத்துப்பேச்சியின் புருஷன் ஊர்க்காவலன் கொதிநீர் அண்டாவுக்கு முன்னால் குந்தியிருந்தான். இரண்டு செத்த கோழிகளை முக்கி எடுத்து இறகு பிடுங்கிக்கொண்டிருந்தான். வெந்த இறகின் வாடை எச்ச நாற்றத்தோடு கலந்து தொண்டையில் இறங்கியது.

"என்னண்ணே செய்றீக?" என்றார் மீரான் மைதீன்.

"வீணாப் போகுதே பாய். டிவியில சொல்ற கோழிக் காய்ச்சல்னா பயப்படணும். இது வெஷம்தானே? குடலை எடுத்துட்டாச் சரியாப் போயிரும்."

மீரான் மைதீன் கோபப்படவில்லை. அண்டாவை மட்டும் காலால் நகர்த்திவைத்தார்.

"ஒரு மணி நேரம் பொறுங்க. அதுக்கப்புறம் உங்களுக்கே பசிக்காது."

கூட்டைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடந்தார். மரத்தில் ஒரு சிவப்புச் சேவல் காலில் கயிற்றோடு நின்று கொக்கரித்தது. வீட்டு ஓரத்தில், உடைந்த பானைக்குள் ஓர் அடைக்கோழி முட்டைமேல் உட்கார்ந்து முறைத்தது.

"இது ரெண்டும் எப்படித் தப்புச்சு?"

"அதான் எனக்கும் புரியல," என்றாள் முத்துப்பேச்சி. "சேவல் கோயிலுக்கு நேந்தது. அவரு கையால கம்பு மட்டும்தான் திங்கும். அடைக்கோழிக்கும் அதே கம்புதான், ஒரு பிடி."

"தண்ணி?"

"எல்லாத்துக்கும் ஒரே குடத்துத் தண்ணி."

"கூட்டுல இருந்ததுக்கு என்ன இரை?"

"குருணை. நாலு நாளாப் போடுறேன். ஒண்ணும் ஆகலையே! இன்னைக்குத்தான் தீந்துச்சு. சாக்கைத் தலைகீழா உதறிக் கொட்டுனேன்."

சொர்ணலட்சுமி இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்தாள். அடைத்துப் போட்ட கோழிக்குத் தீனி கொடுத்து மாளாமல் முத்துப்பேச்சி புலம்பியபோது, அந்தக் குருணையைக் கொடுத்ததே அவள்தான். அதுவும் பையிலா கொடுத்தாள்? தான் வேலை செய்கிற கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, ரெண்டு தண்ணி அலசிக் காயப்போட்ட நல்ல வெள்ளைச் சாக்கில் கொடுத்தாள். அதைச் சொல்லிக் காட்டலாமா என்று நினைப்பதற்குள் மீரான் மைதீன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துவிட்டார்.

கறுப்புக் கோழியின் கழுத்தடியில் இரைப்பை பந்துபோல் உப்பியிருந்தது. ஒரு கீறல். புளித்த சாதம் போல ஒரு கலவை வழிந்தது. அவர் குனிந்து, அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார்.

"உவ்வே!" என்று அலறிய சொர்ணலட்சுமியிடமே அதை நீட்டினார். "நீங்களும் பாருங்கம்மா."

"நானா?"

"தெருவுக்கே சேதி சொல்றவுக. சரியாத் தெரிஞ்சு சொல்ல வேணாமா?"

கண்ணை மூடி, அவளும் ஒரு நொடி முகர்ந்தாள்.

"புளிச்ச வாடை. வேற ஒண்ணுமில்ல."

"பூண்டு வாடை வருதா?"

"இல்லையே."

"கடையில விக்கிற எலி மருந்தைத் தின்ன கோழி எத்தனையோ அறுத்துப் பாத்திருக்கேன். திறந்ததும் அழுகின பூண்டு மாதிரி அடிக்கும், நாலு அடி தள்ளி நின்னாலும் தெரியும். இதுல அது இல்ல. வடையோ கருவாடோ, மருந்து வச்சுக் கொடுக்கிற எதுவும் இல்ல. வெறும் குருணை."

முத்துப்பேச்சி வாய் பிளந்தாள். "அப்ப அவ வைக்கலையா?"

"இரை போட்டது நீங்க. சாப்பிட்டது ஏழு. வேற இரை தின்ன ரெண்டும் கொழுத்துப் போய் நிக்கிது. வெளியாளு வந்து வச்சிருந்தா அடைக்கோழிக்குத்தான் முதல்ல வச்சிருப்பாக, அதுக்குத்தான் வலை இல்ல. ஆக, வெஷம் குருணையோட வந்திருக்கு. ஆனா நாலு நாளு ஒண்ணும் ஆகல, உதறிக் கொட்டுன அன்னைக்குத்தான் ஆச்சு. அப்ப குருணையில இல்ல, சாக்கோட அடியில இருந்திருக்கு. சாக்கு எங்க?"

அது கூட்டின்மேல் நிழலுக்குப் போட்டிருந்தது. மீரான் மைதீன் அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். அடித்தையலின் இரட்டை மடிப்பை நகத்தால் விரித்தார். கற்கண்டுத் தூள் போல வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

"கொஞ்சம் கங்கு கொண்டாங்க."

இதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் தெருவே கூடியிருந்தது. லீவு நாள், எல்லாரும் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். சீனிச்சாமியும் வந்து நின்றார். ஊர்க்காவலன் அடுப்பிலிருந்து தணலை ஓட்டில் அள்ளி வந்தான். மீரான் மைதீன் தையல் நூலில் ஒரு விரல்நீளம் அறுத்துத் தணல்மேல் போட்டார்.

நூல் சீறியது. ஒரு கண நேரம், மங்கலான பச்சை எரிந்து அணைந்தது.

வேலியில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"இந்தப் பச்சை எதனால வருதுன்னு இந்தக் கூட்டத்துல தெரியாத ஆளு நான் ஒருத்தன்தான்," என்றார் மீரான் மைதீன். "நான் கோழி யாவாரி. நீங்களே சொல்லுங்க."

"பூச்சட்டியில பச்சை வெளிச்சத்துக்குப் போடுற உப்பு," என்றார் சீனிச்சாமி தாழ்ந்த குரலில். "வயித்துக்குள்ள போனாக் கைகால் இழுத்துரும். கம்பெனியில அதைத் தொட்ட கையோட சோறு திங்க விட மாட்டாக."

"சாக்கு யாரு கொடுத்தது?"

முத்துப்பேச்சி மெல்லத் திரும்பினாள். "மதினி..."

சொர்ணலட்சுமிக்குத் தன் மூக்கில் ஒட்டியிருந்த இரைப்பை வாடை அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. "ரெண்டு தண்ணி அலசினேனே பாய்," என்றாள். "எல்லாரும்தானே கொண்டு வாராக?"

"அலசினது மேலாப்புல. மடிப்புக்குள்ள தண்ணி போய் உப்பு கரைஞ்சு, காய்ஞ்சதும் அங்கனயே கட்டி தட்டியிருக்கு. உங்க மேல குத்தமில்லம்மா, நல்லதுக்குத்தான் கொடுத்தீக." சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். "வேற சாக்கு இருக்கா வீட்டுல?"

இருந்தது. ஒன்று வாசல் மிதியடி. இன்னொன்றின்மேல் அவள் நேற்று மாடியில் கூழ்வத்தல் பிழிந்து காயவைத்திருந்தாள். ஈரக்கூழ். சாக்கின் மடிப்பு. காலையில் அரைகுறையாகக் காய்ந்திருந்தபோதே எடுத்து வாயில் போட்டுக் கொறித்த ரெண்டு வத்தல். சொர்ணலட்சுமி வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள்.

"வத்தலா? எத்தனை தின்னீக?" மீரான் மைதீன் இப்போதுதான் பதறினார். "எப்ப?"

"ரெண்டு... ஆறு மணிக்கு..."

"நாலு மணி நேரம் ஆச்சு, கை கால் நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் ஆசுபத்திரிக்குப் போய்க் காட்டிருங்க. வண்டியில நானே விடுறேன்."

வேலிக்கு அப்பால் கூட்டம் சத்தமில்லாமல் கரைந்தது. ஒவ்வொருத்தரும் அவரவர் மாடியை நினைத்துக்கொண்டு ஓடினார்கள். ஊர்க்காவலன் பிடுங்கிய கோழிகளை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனான். அந்தத் தெருவிலேயே கம்பெனிச் சாக்கு இல்லாத வீடு ஒன்றுதான். பட்டாசு வேலைக்குப் போகாமல் கீரை விற்கிற சோலையம்மாளுடையது.

அவள் வாசலில் பானை, பாய், பாடப்புத்தகக் கட்டு எல்லாம் வெளியே வந்திருந்தன. மகள் ஓவியா புத்தகக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டியில ஏறுறதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு," என்றார் மீரான் மைதீன்.

"நீங்க சொல்லிருங்களேன் பாய்."

"நான் சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமைதான் தெரு முழுக்கப் போகும். நீங்க சொன்னா பத்து நிமிசம்."

சொர்ணலட்சுமி சோலையம்மாள் வாசலுக்குப் போனாள். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு சேதியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். சீனிச்சாமி பின்னாலேயே வந்தார். அவர் காதிலும் விழும்படி, ஒரு வார்த்தை விடாமல், சாக்கு யாருடையது என்பதிலிருந்து சொல்லி முடித்தாள்.

சோலையம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். சீனிச்சாமி புத்தகக் கட்டைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தார். அவளும் குனிந்து பானையை எடுத்து உள்ளே நடந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"காலையில என்னைப் பத்திச் சொன்னப்ப சத்தமா இருந்துச்சே சொர்ணம்," என்றாள். "இதையும் அதே சத்தத்துல, கடைசி வீடு வரைக்கும் சொல்லிட்டுப் போ. அப்புறம் ஆசுபத்திரிக்கு."

தெருமுனையில் வண்டி புகை கக்கிக்கொண்டு காத்திருந்தது. சொர்ணலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொண்டையைக் கனைத்தாள்.