இரண்டு பாதிகளுக்கு ஒரு பெயர்

டோக்கிவா டீச்சர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்த ஊர் அருங்காட்சியகத்தில் கற்களை ஆராய்பவர் அவர்தான்; ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். மேசைமேல் பாதி அம்மோனைட் கிடந்தது. ஒரு காலத்தில் சுருள் ஓட்டோடு கடலில் நீந்திய உயிர். கல்லாகிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன.

“புது இனமாத்தான் தெரியுது, சிஹோ. வெளிச்சுருள்ல மேடு மேடா இருக்கு பாரு, இதோட குடும்பத்துல வேற எதுக்கும் இப்படி இல்ல. ஆனா உள்சுருளைப் பார்க்காம நான் பேர் வைக்க முடியாது. மிச்சப் பாதி எங்க?”

பதினோரு வயது சிஹோ தலையைக் குனிந்துகொண்டாள். “இசாமு வீட்ல.”

டீச்சர் கல்லை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். ஜப்பானில், ஹொக்காய்டோவின் அந்தச் சின்ன ஊரில் எல்லாருக்கும் தெரியும். சிஹோவின் வகுப்பில் படித்த இசாமு, போன குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனான்.

அதற்கு முந்தைய கோடையில்தான் இருவரும் ஆற்றில் அந்தக் கல்லை எடுத்தார்கள். சுத்தியலால் தட்டியதும் இரண்டாகப் பிளந்தது. “பெருசு உனக்கு, அழகானது எனக்கு. அப்புறம் வந்து அழுதே, அவ்வளவுதான்!” என்று சிரித்தான் இசாமு.

மறுநாள் பள்ளி விட்டதும் சிஹோ அவன் வீட்டுக்குப் போனாள். புத்தர் மாடத்தில் அவன் படம். படத்துக்கு முன்னால் அந்தப் பாதிக் கல். ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட்டாள்.

“தினமும் துடைச்சு வைக்கிறேன்மா. அதைத் தலைமாட்டுல வெச்சாத்தான் அவனுக்குத் தூக்கமே வரும்,” என்றார் இசாமுவின் அம்மா.

அந்தப் பாதியைக் கேட்க வந்த சிஹோ, பையிலிருந்து தன் பாதியை எடுத்து, அதன் பக்கத்தில் வைத்தாள்.

“இதுவும் இங்கேயே இருக்கட்டும், அத்தே. ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்.”

அம்மா இரண்டையும் எடுத்துப் பொருத்தினார். உள்ளே தொடங்கிய சுருள் வெளிவிளிம்பு வரைக்கும் அறுபடாமல் ஓடியது.

“டீச்சர்கிட்ட காட்டினியாமே. என்ன சொன்னாங்க?”

சிஹோ மறைக்கவில்லை. “புது இனமாம். பேர் வைக்க ரெண்டு பாதியும் வேணுமாம். அப்புறம் கல்லு மியூசியத்துலேயேதான் இருக்கணுமாம். நான் கேக்கலை, அத்தே. பேரில்லாமலே இருந்துட்டுப் போகட்டும்.”

அம்மா படத்தைப் பார்த்தார். “‘இதுக்கு என்ன பேரும்மா’ன்னு உயிரை எடுப்பான். ‘கல்லுக்கு எதுக்குடா பேரு, போய்ப் பல்லைத் தேய்’னு விரட்டுவேன்.” சிரிக்கப் போனவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு இரண்டு பாதிகளையும் ஒரு துணியில் சுற்றினார்.

“வா, நானும் வரேன்.”

டீச்சர் நான்கு மாதம் கல்லின் வரிகளை எண்ணினார், அளந்தார், பிற நாட்டு அம்மோனைட்டுகளோடு ஒப்பிட்டார். சந்தேகமே இல்லை, புது இனம்தான்.

“கண்டெடுத்தவங்க பேரை வைக்கலாம். உன் பேரா, சிஹோ?”

“முதல்ல பார்த்தது இசாமுதான், டீச்சர். நான் அதை மிதிச்சுட்டுப் போயிட்டேன்.” சற்றுத் தயங்கினாள். “இதே மாதிரி ஒண்ணு அச்செடுத்து அத்தைக்குக் குடுக்கலாமா?”

“குடுக்கலாமே,” என்றார் டீச்சர்.

இலையுதிர் காலத்தில் கல் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தது. அட்டையில் பெயரின் கடைசிச் சொல் ‘இசாமுயி’. லத்தீனில் இசாமுவுடையது என்று பொருள்.

ஒரு குட்டிப் பெண் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பக்கத்தில் நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இசாமுன்னா யாரு?”

இசாமுவின் அம்மா நேராக நின்றார்.

“என் பையன்,” என்றார்.