பதினாறாவது கல்

குளியலறையின் பல்பு நடுவில் தொங்கவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்தபடி அண்ணாந்தபோதுதான் அது காந்திமதியின் கண்ணில் பட்டது. வீடு வாங்கிய அன்று அது கூரையின் நட்டநடுவில் தொங்கியது. தையல்காரிக்கு நடு என்றால் நடுதான்; சட்டையின் பொத்தான் பட்டி கால் அங்குலம் விலகினாலும் அவளுக்கு உறுத்தும். இப்போது கதவுக்கும் பல்புக்கும் இருந்த தூரம் அப்படியே இருக்க, பல்புக்கும் எதிர்ச் சுவருக்கும் இருந்த தூரம் மட்டும் குறைந்தாற்போல் இருந்தது. தலையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மூடிப்போன ஒரு கம்பெனி, முப்பது வருஷத்துக்கு முன்னால் தன் ஆபீசர்களுக்காகச் சுங்குவார்சத்திரத்தில் கட்டிய மாடிக் கட்டிடம் அது. மேலே நாலு வீடு, கீழே நாலு வீடு. மாடியில் கடைசி வீட்டைக் காந்திமதியும் அவள் புருஷன் பகலவனும் அந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், ஆவணி மாதம் வாங்கினார்கள். அதற்கு முன் ஒன்பது வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் ஒற்றை அறை. ஏழு குடும்பத்துக்கு ஒரே குளியலறை. விடியற்காலை வாளியோடு வரிசையில் நின்று, உள்ளே போனதும் தகரக் கதவுக்கு வெளியே யாராவது இருமிக்கொண்டு நிற்பதைக் கேட்டபடியே அவசரமாக ஊற்றிக்கொண்டு வரவேண்டும். சொந்த வீடு என்றதும் அவள் கேட்டது ஒன்றுதான். வெள்ளை டைல்ஸ் கல் பதித்த குளியலறை, பளிச்சென்று ஒரு விளக்கு, உள்ளே தாழ்ப்பாள்.

அதற்குக் குறுக்கே நின்றது எதிர்ச் சுவர். அதில் ஈரம் கசிந்து ஓதம் ஏறியிருந்தது. ஓதம் என்றால் தரையிலிருந்து ஏறும், இல்லை கூரையிலிருந்து இறங்கும். இது நெஞ்சு உயரத்தில், ஓர் ஆள் அகலத்துக்குத் திட்டாக நின்றது. சுற்றிலும் காய்ந்த சுண்ணாம்பு. தொட்டால் குளிர்ச்சி இல்லை, இளஞ்சூடு. மூக்கை வைத்தால் பழஞ்சுவரின் புழுங்கல் வாசனையும் இல்லை. அப்போதுதான் குழைத்த சிமெண்டுக் கலவையின் வாசனை.

மண்ணூர்க் கொத்தனார் அப்பாவு திங்கட்கிழமை வந்து பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், சிக்கனமாகப் பேசுபவர். கீழே இறங்கிப் போய்ச் சுவரின் வெளிப்புறத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இந்தச் செவுத்துல பைப்பே இல்லம்மா. அந்தாண்ட வெறும் காத்துதான். வெளியில நல்லா காஞ்சி கீது. உள்ள மட்டும் எப்பிடி?"

"அதத்தான் உங்கள கேக்குறேன்."

"பழைய பூச்சக் கொத்தி எட்த்துட்டு, மருந்து கலந்து பூசித் தரேன். அப்பால பாப்போம்."

காந்திமதி தன் தையல் டேப்பால் அளந்து கொடுத்தாள். கதவிலிருந்து எதிர்ச் சுவர் வரை எட்டு அடி. ஆறு அங்குலக் கல். ஒரு வரிசைக்குப் பதினாறு. அன்று சாயங்காலத்துக்குள் எதிர்ச் சுவருக்குப் புதுப் பூச்சும், இரு பக்கச் சுவர்களில் ஒவ்வொரு வரிசைக் கல்லும் முடிந்திருந்தன. கல்லை ஒட்டியதும் கொத்துக்கரணையின் பிடியால் மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. அதுதான் அப்பாவுவின் கைப்பழக்கம். முன்னறையில் மெஷின் மிதித்துக்கொண்டே அவள் அந்தச் சத்தத்தைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினைந்தரைக் கல்தான் இருந்தது.

இரண்டு முறை எண்ணினாள். கடைசிக் கல் பாதியோடு நின்று, மீதி எதிர்ச் சுவரின் பூச்சுக்குள் போயிருந்தது. தையல்காரி துணியைத் திருடுகிறாள் என்று இருபது வருஷமாகப் பிறர் பேசக் கேட்டவள் அவள். மிச்சத் துணியைச் சுருட்டித் திருப்பிக் கொடுக்கும்போதுகூட, இவ்வளவுதானா என்று பார்க்கும் கண்களைத் தெரியும். அதே கண்ணால் இப்போது தான் அப்பாவுவின் பையைப் பார்ப்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள். கரணை, மட்டக்கோல், நூல்கண்டு, வெற்றிலைப் பொட்டலம். கல் எதுவும் இல்லை.

அன்று அப்பாவு சாப்பாட்டுக்கு ரோட்டுக் கடைக்குப் போயிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. மெஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தவளுக்குக் குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. இவர் எப்போது திரும்பி வந்தார், என்னைத் தாண்டித்தானே உள்ளே போகவேண்டும் என்று நினைத்தபடி எழுந்து போய்க் கதவை இழுத்துத் திறந்தாள். இருட்டு. சுவிட்சைப் போட்டாள். பல்பு ஒரு முறை மினுக்கி எரிந்தது. யாரும் இல்லை. கரணை பையின் மேல் காய்ந்து கிடந்தது.

எதிர்ச் சுவர் மட்டும் ஈரமாக மின்னியது. கரணை இழுத்த வளைவுகள் அதில் புதிதாக, வரிவரியாக இருந்தன. ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று பிடிபட அவளுக்குச் சிறிது நேரம் ஆனது. சட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டால் தையல் எப்படித் தெரியுமோ, அப்படி இருந்தன அந்த வளைவுகள். மறுபக்கத்திலிருந்து பூசிய சுவரை இவள் தவறான பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல.

அன்று ராத்திரி பகலவனிடம் சொன்னாள். அவன் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவன்; காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மூன்றுக்குத் திரும்புவான். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "வெளிச்சம் பத்தல, அதான் ஒனக்கு அப்பிடித் தெரியுது" என்றான். அறுபது வாட் பல்பைக் கழற்றி நூறு வாட் பல்பு போட்டான். காலையில் அது ஃபியூஸாகியிருந்தது. அவள் இன்னொரு நூறு வாட் பல்பு வாங்கி மாட்டினாள்.

புதன்கிழமை பதினாலு கல்.

"அப்பாவு அண்ணே, வரிசைக்குப் பதினாறு கல்லு குடுத்தேன். ரெண்டு எங்க?"

அவர் நிமிர்ந்தார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபம்தான் முதலில் வந்தது. "முப்பது வருசமா கரணை புடிக்கிறேன். ஒரு பிடி சிமெண்ட்டு எட்த்துக்கினு போனதில்ல. நீயே எண்ணித்தான் குடுத்த, நான் வெச்சிட்டேன்." சொல்லிக்கொண்டே வரிசையைப் பார்த்தவர் நிறுத்திவிட்டார். தன் டேப்பை எடுத்து அளந்தார். ஏழு அடி. டேப்பைச் சுருட்டி, மறுபடி நீட்டி அளந்தார். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"இன்னா அண்ணே?"

"ஒண்ணுமில்ல." முகம் வெளுத்திருந்தது. "நாளைக்கி வந்து இதக் கொத்திப் பாத்துடறேன். லைட்ட மட்டும் அணைக்காதீங்க."

அவர் போனபின் அவள் கோவிந்தம்மா வீட்டுக்கு இறங்கிப் போனாள். கீழ்வீட்டுக்காரி, கம்பெனி இருந்த காலத்திலிருந்தே அங்கிருப்பவள். உங்கள் குளியலறையில் ஓதம் உண்டா என்று கேட்டாள். "எங்களுக்கு ஏது குளியலறை? அடிபம்புலதான்" என்றாள் கோவிந்தம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். மேலே குளியலறைக் கதவு இருக்கும் அதே இடத்தில் அவள் வீட்டில் கதவு இல்லை. வெறும் சுவர். கதவு நிலை இருந்த தடம் மட்டும் சுண்ணாம்புக்கு அடியில் கோடாகத் தெரிந்தது. கேட்டால் பதில் சொல்லமாட்டாள் என்று காந்திமதிக்குப் பட்டது. கேட்கவில்லை.

வியாழக்கிழமை அப்பாவு ஒன்பது மணிக்கு வந்தார். செருப்பைக் குளியலறை வாசலில் விட்டுவிட்டு, உளியும் சுத்தியலுமாக உள்ளே போனார். கொத்தும் சத்தம் கேட்டது. சரசரவென்று காரை உதிர்ந்தது. காந்திமதி முன்னறையில், வெளிக்கதவுக்கு நேரே மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்காணிக்கத்தான் அங்கே உட்கார்ந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். பத்தரைக்குக் கரண்ட் போயிற்று. கொத்துவது நின்றது. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு, மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

இருட்டில் எப்படிக் கல் ஒட்டுகிறார்?

"அண்ணே, டீ போடட்டுமா?"

தட்டு நிற்கவில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் தொட்டதும் சத்தம் நின்றது. உள்ளே யாரும் இல்லை. உளி தரையில் கிடந்தது. செருப்பு வாசலில் இருந்தது. எதிர்ச் சுவரில் கொத்திய தடமே இல்லை. வழவழவென்று, ஈரமாக, இன்னும் கிட்டத்தில் நின்றது.

டம்ளரைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டாள். சாவியைக் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். நான் டீ போடப் போனபோது போயிருப்பார், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பழி சொன்னதால் கோபித்துக்கொண்டு போயிருப்பார். செருப்பில்லாமல். மழையில்.

"ஓடிட்டான்" என்றான் பகலவன் சாயங்காலம். "நாளைக்கி நீ மண்ணூருக்குப் போய் அவன் வூட்ல கேளு. நான் ஷிப்ட்டு முடிச்சு வந்து அந்தச் செவுத்த அளந்து பாக்கறேன்."

"நான் வராம பூட்டத் தொறக்காதீங்க."

அவன் சிரித்தான். ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

மண்ணூரில் அப்பாவுவின் வீட்டைக் கண்டுபிடிக்கப் பகல் இரண்டு மணி ஆகிவிட்டது. அவர் மனைவி கிளியம்மாள் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். காந்திமதியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சத்திரத்து அம்மாவா? வேல முடிஞ்சிதா? நேத்து ராவு வரல, அங்கயே தங்கிட்டாருன்னு நென்ச்சிக்கினேன்."

காந்திமதி பையிலிருந்த செருப்பை எடுத்துக் காட்டினாள். கிளியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். புரட்டிப் பார்த்தாள். வார் அறுந்து தைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அவரு எங்கம்மா?"

"தெரியல."

"உன் வூட்டுக்குள்ளதானே போனாரு?" கிளியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போனவரு எங்க?"

கையை உதறிவிட்டு ஓடிவந்தாள். ரோட்டில் தண்ணீர். லாரி ஒன்று குறுக்கே நின்று பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றவளுக்கு அந்த ஆணியும் சாவியும் கண்ணுக்குள்ளேயே இருந்தன. ஏன் கையோடு எடுத்து வரவில்லை? மணி மூன்று. மூன்றேகால். நனைந்து வந்திருப்பான். பூட்டைப் பார்த்திருப்பான். அவனுக்கு எதையும் தானே அளந்து பார்க்கவேண்டும்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மணி நாலு. நாற்காலியில் பகலவனின் ஈரச் சட்டை. அவளுடைய தையல் டேப் மெஷின் மேல் இல்லை. ஆணியில் சாவி இல்லை.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அடியில் வெளிச்சக் கோடு.

"இன்னாங்க?"

மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. அது அப்பாவுவின் கை. அதை ஒட்டி, தாளம் தப்பி, பழக்கமில்லாத இன்னொரு தட்டு. அதற்கும் உள்ளே, வெகு தூரத்தில், எத்தனையோ கைகள். மெதுவாக. சலிப்பில்லாமல்.

"வந்துட்டியா காந்தி?" பகலவனின் குரல். பயமில்லாத குரல். வேலை மும்முரத்தில் இருக்கும்போது அவன் பேசும் குரல். "கதவத் தொற. முடிஞ்சிது."

உயிர் வந்தது அவளுக்கு. கதவை இழுத்தாள்.

அறை இல்லை.

நிலைப்படியிலேயே சுவர். தரையிலிருந்து மேல்வரை வெள்ளைக் கல். மட்டம் பிசகாமல், சந்து சந்தாகச் சிமெண்டுப் பால் ஊறிக்கொண்டிருந்தது. நெஞ்சு உயரத்தில் மட்டும் ஒரு கல்லின் இடம் காலி. அதன் வழியே நூறு வாட் வெளிச்சம். அதன் வழியே இளஞ்சூடு.

"காந்தி, ஒரு கல்லு அந்தாண்ட நின்னுடுச்சு பாரு."

பார்த்தாள். அவள் காலடியில், வாசலில், ஒரே ஒரு வெள்ளைக் கல்.

"அத எட்த்துக் குடு."

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டு வரை சிமெண்டு. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. போன மாதம் பிரஸ்ஸில் நசுங்கிய நகம். அவள் மருந்து போட்ட நகம். உள்ளே தட்டுகள் எல்லாம் ஒன்றாக நின்றன. எல்லோரும் காத்திருந்தார்கள்.

கை உள்ளங்கையை விரித்தது. நீட்டியபடி நின்றது.