ஒன்பதாம் மாடியில் எலியாஸின் காணி

ஒஸ்லோ நகரத்து அம்மருட்டில், ஒன்பதாம் மாடி வீட்டுக்குள், வயல் மண் மணக்க ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் நவம்பர் மூன்றாம் திகதி காலை மரியரஞ்சனி குசினி லைட்டைப் போட்டபோது மணந்தது அதுதான்: மழைக்குப் பிறகு கலப்பை புரட்டிய கறுப்பு மண், அறுந்த புல்வேர், அதற்கும் அடியில் மாட்டின் மூச்சைப்போலச் சூடான ஒரு வாடை. குப்பை வாளியைத் திறந்து பார்த்தாள், பூச்சட்டியை மணந்து பார்த்தாள், சிங்க் ஓட்டைக்குள்கூட மூக்கை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் மேசை கண்ணில் பட்டது. முதல்நாள் வைத்த இரண்டு தட்டுகளில் ஒன்று வைத்தபடியே இருந்தது. மற்றதில் சோறு ஒரு பருக்கை குறையவில்லை, ஆனால் கரைக்குக் கரை நேராகக் கீறி, இரண்டு பக்கமும் புரட்டி விடப்பட்டிருந்தது. ஒரு கீறலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஏழு.

முதல்நாள் இறந்தோர் அனைவரையும் நினைக்கும் திருநாள். அன்றைக்குச் செத்தவர்களுக்கு ஒரு தட்டு வைப்பது அவளுடைய தாய்வீட்டு வழக்கம். மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் போன புருஷன் சூசைரட்ணத்துக்கு வருடம் தவறாமல் வைக்கிறவள்தான். இந்த முறை மனமிளகி, வேலையிடத்தில் பழகிய ஒருவருக்கும் சேர்த்து வைத்தாள். பழக்கம் என்றால் கடதாசியில். ஆள் செத்து நூற்றைம்பது வருடமாகிறது.

ஒஸ்லோவில் ஒரு சின்ன ஆவணக்காப்பகத்தில் பழைய கடதாசிகளை ஸ்கான் பண்ணி வாசித்துப் பதிவது அவள் வேலை. எல்லாம் அமெரிக்காவுக்குக் குடிபோன நோர்வேஜியர்கள் விட்டுச்சென்றவை. அமெரிக்கா அப்போது நூறு வயது நிரம்பாத நாடு. மேற்கே கிடந்த நிலத்தை ஆட்களைக் கொண்டு நிரப்ப அதன் அரசாங்கத்துக்கு ஒரே அவசரம். வா, நூற்றறுபது ஏக்கர் எடு, வீடு கட்டு, உழு, ஐந்து வருடம் அங்கேயே படுத்தெழும்பு, பிறகு அங்கே நீ குடியிருப்பதை இரண்டு பேர் வந்து சாட்சி சொன்னால் காணி உனக்கு என்று சட்டமே போட்டார்கள். நோர்வேஜிய மொழியில் துண்டுப்பிரசுரம் அடித்து இங்கேயும் அனுப்பினார்கள். கல்லுக் காணியில் காய்ந்துகொண்டிருந்த சனம் கப்பல் ஏறாமல் என்ன செய்யும்?

அவள் தட்டு வைத்த எலியாஸும் ஏறினார். பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் ஒரு குடும்பம் கொடுத்த பெட்டிக்குள் அவருடைய கதை முழுவதும் இருந்தது. டகோட்டாப் புல்வெளியில் காணி எடுத்து, மண்ணைப் புல்லோடு கட்டிகட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டி, தனியாக நாலு வருடமும் பத்து மாதமும் இருந்திருக்கிறார். ஒரு பனிப்புயலில் மாட்டைப் பார்க்க வெளியே போனவர், வாசலுக்கு இருபது அடி தள்ளி விறைத்துக் கிடந்தாராம். இன்னும் இரண்டே மாதம் இருந்திருந்தால் காணி அவருடையது. சாட்சிப் படிவத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். வீட்டுக்கு எத்தனை யன்னல், தொடர்ந்து குடியிருந்தாரா, சாட்சி தன் கண்ணால் கண்டதா என்ற கேள்விகள். சாட்சிகளின் பெயருக்கு இரண்டு வெற்றுக்கோடுகள். இந்தக் காணியில் முன்பு இருந்தவர் யார் என்ற இடத்தில் மட்டும் அழகான கையெழுத்தில், எவருமில்லை.

எல்லாப் படிவத்திலும் அதே பதில்தான் என்றாள் பக்கத்து மேசை யூலியா. அங்கே இருந்த பழங்குடிகளைப் பட்டாளம் முன்னமே கலைத்துவிட்டதாம். மரியரஞ்சனிக்குத் தன் ஊரில் நடந்த சண்டை ஞாபகம் வந்தது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று பூட்டி, திறப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட அவளுடைய குடும்பத்தின் வீடு இன்றைக்கு இராணுவ முகாம் வேலிக்குள்ளே. அதுவும் ஏதோ ஒரு கோப்பில் ஆளில்லாத காணிதான். ஆனாலும் செபிக்க ஒரு பிள்ளைகூட இல்லாமல் செத்த எலியாஸ் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. திருநாளன்று இரண்டாவது தட்டை வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, வாசலைப் பார்த்து, விருந்தாளிக்குச் சொல்கிறமாதிரியே சொன்னாள்.

"எலியாஸ், நீங்களும் வாங்கோ. சாப்பிடுங்கோ. இதை உங்கடை வீடாய் நினையுங்கோ."

நாங்கள் எல்லாருக்கும் வாய்கூசாமல் சொல்வது. யாரும் அதைச் சட்டமாக எடுப்பதில்லை.

மண் மணம் போகவில்லை. யன்னலைத் திறந்தால் கூடியது. நவம்பர் நடுப்பகுதியில் ஹோலின் மரத்தரையில் நீளநீளமாகக் கோடுகள் விழத் தொடங்கின, யன்னலிலிருந்து சுவர்வரை, ஒவ்வொரு நாளும் ஒன்று. காலையில் கதிரைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. மகள் ஜெனுஷாவுக்குப் பதினேழு வயது, எதற்கும் பயப்படாத பிள்ளை. அவளே ஒருநாள் வந்து, தன் அறைச் சுவருக்குப் பின்னால் யாரோ காலடி எண்ணி நடப்பதாகச் சொன்னாள். அந்தச் சுவருக்குப் பின்னால் வெறும் ஆகாயம். லில்லெஸ்ட்ரோமில் சிநேகிதி எம்மா வீட்டில் கொஞ்சநாள் நிற்கட்டுமா என்று கேட்டாள். மரியரஞ்சனி மறுத்துவிட்டாள். விட்டுப்போன வீடு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் உள்ளே இருக்கும்வரை வீடு தங்களுடையது என்று பிடிவாதமாக நம்பினாள்.

டிசம்பரில் ஒரு பின்னேரம் லிப்டுக்குள் பக்கத்து வீட்டு ரங்கராஜன் வந்து நின்றான். கணினி வேலைக்குத் திருச்சியிலிருந்து வந்தவன், மரியாதையான பிள்ளை, அவள் 'கதைக்கிறது' என்றால் இன்னமும் சிரிப்பான்.

"மேடம், உங்க வீட்ல இருக்காரே அந்த நார்வீஜியன் பெரியவர், ரொம்ப அமைதியான ஆளு. டெய்லி பால்கனில நின்னு தூரத்தையே பாத்துட்டு இருக்கார்" என்றான். "நேத்து ஒரு ஃபார்ம் கொண்டு வந்தார். நான் இங்கதான் குடியிருக்கேன், பாத்திருக்கீங்களான்னு கேட்டார். ஆமான்னு சைன் பண்ணிக் குடுத்தேன். ஏதாவது பிரச்சனையா?"

லிப்ட் நின்றதும் அவள் முதல் ஆளாக இறங்கி நடந்தாள். வாய் திறந்தால் என்ன வரும் என்று பயமாக இருந்தது. மறுநாள் வேலைக்குப் போனதும் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். நூற்றைம்பது வருடம் வெறுமையாகக் கிடந்த முதலாவது கோட்டில் ரங்கராஜனின் பெயர், பழுப்பு மையில், நன்றாகக் காய்ந்து போய் இருந்தது. இரண்டாவது கோடு மட்டும் மிச்சம். நவம்பர் இரண்டிலிருந்து விரலை மடித்துப் பார்த்தாள். எலியாஸுக்குக் குறைந்த இரண்டு மாதமும் ஜனவரி இரண்டாம் திகதி நிரம்பும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு வேலை: இன்னொரு வாய் அதைச் சொல்லக்கூடாது. வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டாள், ஏனென்று சொல்லவில்லை. சொன்னால் அதுவே சாட்சி. அவர் தெளித்த தீர்த்தம் காய்ந்த மண்ணில் விழுந்ததுபோல மரத்தரைக்குள் இழுபட்டு மறைந்தது. மாதாவே, என்ரை பிள்ளையையும் வீட்டையும் காப்பாற்று என்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் ரெயிலில் செபமாலை உருட்டினாள். ஜெனுஷாவைக் கட்டிலில் இருத்தி, கையைப் பிடித்துச் சொன்னாள்.

"ஆர் கேட்டாலும், இஞ்சை எங்களைத் தவிர ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லு. வேறை ஒரு கதையும் கதைக்கப்படாது, பிள்ளை."

"ஆனா அவர் இருக்கிறார்தானே, அம்மா" என்று தொடங்கிய மகளின் வாயை அவள் கையால் பொத்தினாள். அந்த உதடுகள் குளிர்ந்திருந்தன.

ஜனவரி இரண்டு. பள்ளிக்கூடம் இன்னும் விடுமுறை, ஜெனுஷா வீட்டில். மரியரஞ்சனி வேலையிலிருந்து முன்னதாகவே வெளிக்கிட்டு மூன்றரைக்கு வந்து சேர்ந்தாள். அதற்குள்ளேயே இருட்டத் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்தாள். வெளியே இருந்ததைவிட உள்ளே குளிர். சுவிட்ச் வேலை செய்யவில்லை. சப்பாத்துக்கு அடியில் தரை மெத்தென்று புதைந்தது. எங்கேயோ ஒரு மாடு இருமியது. மகளின் அறைப் பக்கமிருந்து சத்தம். சரக். நின்றது. சரக்.

"அம்மா." உள்ளிருந்து ஜெனுஷாவின் குரல். "அம்மா, கதவு திறக்குதில்லை. அவர் அறையை அளக்கிறார்."

பிடியைத் திருகினாள். இழுத்தாள். தோளால் இடித்தாள். கதவின் கீழ்ச் சந்தால் மண் பிதுங்கிக்கொண்டிருந்தது, கறுப்பாக, வேரோடு. ரங்கராஜனைக் கூப்பிட வெளியே ஓடினாள். மணியை அடித்தாள். யாருமில்லை. பின்னால் அவளுடைய வீட்டு வாசற்கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவசர இலக்கத்தை அடித்தாள். ஒரு பெண் குரல், அமைதியான நோர்வேஜிய மொழி. பெயரைக் கேட்டாள், விலாசத்தைக் கேட்டாள். பிறகு கேட்டாள்: உங்கள் வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?

எத்தனை நாள் பூட்டி வைத்த சொல். இல்லை என்றால் உதவி வராது. உள்ளேயிருந்து ஜெனுஷா கத்தினாள், பெயர் சொல்லாமல், சின்ன வயதில் கத்துவதைப்போல. பெற்ற வயிறு எவ்வளவு நேரம் தாங்கும்?

"ஓம்" என்றாள். பிறகு நோர்வேஜிய மொழியில்: "ஒரு ஆள் இருக்கிறார். நவம்பர் ரெண்டாந் திகதியிலையிருந்து."

தொடர்ந்தா?

"ஓம். தொடர்ந்து."

உங்கள் கண்ணால் கண்டீர்களா?

கண்டிருந்தாள். ஒருநாள் காலை, பால்கனிக் கண்ணாடியில், தொப்பியும் தோளும். யாருக்கும் சொல்லவில்லை.

"கண்டனான். தயவு செய்து கெதியா வாங்கோ."

வீட்டுக்கு எத்தனை யன்னல்?

"நாலு" என்று சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி அவளுடைய காதுக்குள் போனது. போனில் காற்று. கரடான கடதாசியில் பேனைக் கூர் ஊர்கிற சத்தம். ஒரு பெயர். நீளமான பெயர். அவளுடையது.

நன்றி, என்றது குரல். வைத்துவிட்டது.

உள்ளே கத்தல் நின்றது.

லிப்ட் திறந்து ரங்கராஜன் வந்தான். "தம்பி!" அவனுடைய கையைப் பிடித்தாள். காற்றைப்போலப் பிடிபடவில்லை. அவன் அவளைப் பார்க்கவும் இல்லை, விலகவும் இல்லை, சாதாரணமாக நடந்து வந்து அவளுடைய வாசல் மணியை அடித்தான். கதவு திறந்தது. ஜெனுஷா. வெறுங்கால், விரல்களில் மண், முகத்தில் அழுததற்கு ஒரு அடையாளமும் இல்லை.

"பெரியவர் இருக்காரா, பாப்பா? நிலம் கிடைச்சிடுச்சுன்னு சொன்னார், வாழ்த்திட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான் ரங்கராஜன். பிறகு எதையோ ஞாபகப்படுத்தப் பார்க்கிறவன்போல நெற்றியைத் தேய்த்தான். "இந்த வீட்ல முன்னாடி வேற யாரோ இருந்தாங்கல்ல?"

ஜெனுஷா அவனுடைய தோளுக்கு மேலால் பார்த்தாள். நேரே மரியரஞ்சனியின் கண்ணுக்குள்.

"இல்லை" என்றாள். "இஞ்சை முந்தி ஒருத்தரும் இருக்கேல்லை."

அவன் தலையாட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனான். ஜெனுஷா திரும்பினாள். கதவை அவள் சாத்தவில்லை. அவளுக்குப் பின்னால் ஹோல் இல்லை, குசினி இல்லை, சூசைரட்ணத்தின் படம் மாட்டிய சுவர் இல்லை. கண்ணுக்கெட்டியவரை தட்டையான புல்வெளி, அதன்மேல் பனி, மேலே சாம்பல் வானம். காற்று மாடிப்படிவரை வந்து வீசியது. மரியரஞ்சனி பெயர் சொல்லிக் கத்தினாள். உள்ளே வைக்கக் காலைத் தூக்கினாள். வைக்க முடியவில்லை. வாசற்படிக்கு அங்கால் அவளுடைய கால் போகவில்லை.

ஜெனுஷா நடந்துகொண்டிருந்தாள். வெறுங்காலோடு, அவசரப்படாமல், திரும்பிப் பார்க்காமல். தூரத்தில் மண்கட்டி வீடு ஒன்று, ஒரு விளக்கு. அதன் வாசலில் நின்ற ஆள் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.